பகலில் வரையப்பட்ட தாபிர்

மலாக்காவில் 1803 முதல் 1818 வரை ஆங்கிலேயர் தரப்பு அதிகாரியாக இருந்த வில்லியம் ஃபார்க்குவார், அந்த வட்டாரத்தின் செடிகொடி, பறவை, மீன், பாம்பு, பாலூட்டி என எல்லாவற்றையும் சீன ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தார். மொத்தம் 477 நீர்வண்ண ஓவியங்கள். அவை லண்டன் போய், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அரச ஆசியக் கழகத்தில் இருந்து, 1993-ல் ஏலத்துக்கு வந்தன. சிங்கப்பூர்க்காரர் ஒருவர் வாங்கி நன்கொடையாகக் கொடுத்ததால் இன்று அந்த நாட்டின் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கின்றன. வரைந்தவர்களின் பெயர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஓவியங்களில் ஒன்று தாபிர். மலாய்க்காரர் தெனோக் என்றும் சிப்பான் என்றும் சொல்லும் விலங்கு. பக்கவாட்டில் நிற்கிறது. தலை, கழுத்து, முன்னங்கால்கள் கறுப்பு. தோளுக்குப் பின்னாலிருந்து பிட்டம்வரை பளிச்சென்று வெள்ளை. பின்னங்கால்கள் மறுபடி கறுப்பு. கறுத்த உடம்பில் வெள்ளை வேட்டியைச் சுற்றிவிட்டதுபோல் இருக்கும். படத்தைப் பார்க்கிற யாருக்கும் முதலில் தோன்றுவது ஒரே கேள்விதான்: புலி திரியும் காட்டில் இப்படி ஊரைக் கூட்டும் நிறத்தோடு ஒரு விலங்கு எப்படிப் பிழைத்தது? என் பதில் இது: அந்தக் கேள்வியை எழுப்புவது காடு அல்ல, படம். தாளின் வெளிச்சத்தில் கண்ணைப் பறிக்கும் அதே நிறம், தாபிர் நடமாடும் நேரத்தில், அது நடமாடும் இடத்தில், அதை மறைக்கிறது என்பதற்கே சான்றுகள் அதிகம்.

இதை ஏதோ தொலைதூரத்துக் காட்டைப் பற்றிய பேச்சாக நெகிரி செம்பிலான் வாசகர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ராசா, மம்பாவ், லாபு, ரந்தாவ் என்று முதலில் கித்தாவாகவும் பிறகு செம்பனையாகவும், இப்போது வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவிட்ட இந்தப் பக்கமெல்லாம் ஃபார்க்குவார் காலத்தில் பெரும்பாலும் காடு. சிரம்பான் பக்கம் தொடங்கும் லிங்கி ஆற்றைப் பிடித்துக் கீழே இறங்கினால் மலாக்கா எல்லையில் கடலுக்குப் போய்விடலாம். தாபிர் இன்னும் இந்த மாநிலத்தை விட்டுப் போய்விடவில்லை. சிரம்பானுக்குக் கிழக்கே மலைக்காடுகளிலும், சிம்பாங் பெர்த்தாங் அருகே 1980-களிலிருந்து ஒவ்வொரு மரத்தையும் அளந்து ஆராயும் பாசோ காட்டிலும் அது இருக்கிறது. இருந்தும் அதை நேரில் பார்த்தவர்கள் குறைவு. மூன்று ஆள் எடையையும் தாண்டி, 250 முதல் 320 கிலோவரை வளரும் ஒரு உருவம், பாதி உடம்பு வெள்ளையோடு, கண்ணில் படாமல் காலந்தள்ளுகிறது. இந்த ஒரு செய்தியே படம் எழுப்பும் கேள்வியைச் சந்தேகிக்கப் போதும்.

படத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் அல்ல. இந்த விலங்கின் விஷயத்தில் படம் செய்த வேலையைச் சொற்களால் செய்ய முடியவில்லை. 1772-ல் தெற்குச் சுமத்ராவின் கரையோரத்தை அளக்கப் போன வால்ஃபெல்ட் என்பவர் ஓர் ஆற்று முகத்துவாரத்தில் ஒரு விலங்கைக் கண்டு, அது நீர்யானை என்று எழுதினார். கூடவே ஒரு படமும் கொடுத்தார். எழுத்தை நம்பியவர்கள் சுமத்ராவில் நீர்யானை உண்டு என்று நூல்களில் சேர்த்துக்கொண்டார்கள். படத்தைப் பார்த்த பின்னாள் அறிஞர்கள்தான் அது தாபிர் என்று கண்டுகொண்டார்கள். பாரிஸில் உட்கார்ந்துகொண்டு உலகத்து எலும்புகளையெல்லாம் வகைப்படுத்திய கூவியே, இனிமேல் பெரிய நாற்கால் விலங்கு எதுவும் புதிதாகக் கிடைக்கப்போவதில்லை என்ற கருத்தை 1812-ல் வெளியிட்டிருந்தார். நாலே ஆண்டில், 1816-ல், ஃபார்க்குவார் தாபிரைப் பற்றிய குறிப்பைக் கல்கத்தாவின் ஆசியக் கழகத்துக்கு அனுப்பினார். அது அச்சேறி வெளிவர 1820 ஆகிவிட்டது. அதற்குள் கூவியேயின் மாணவர் தியார், கல்கத்தாவை அடுத்த பாரக்பூரில் கவர்னர் ஜெனரலின் விலங்குக்காட்சியில் நின்ற ஒரு தாபிரை வரைந்து பாரிஸுக்கு அனுப்பிவிட்டார். 1819-ல் தெமாரே என்பவர் வைத்த அறிவியல் பெயர்தான் நிலைத்தது. மலாக்காக்காரர் முந்திக்கொண்டும் பெருமை வேறிடம் போனது. அந்தக் காலத்து அறிவியலில் இது சாதாரணம்.

ஆக, 'இது என்ன விலங்கு' என்ற கேள்விக்குப் படம் நல்ல சாட்சி. 'இது எப்படி வாழ்கிறது' என்ற கேள்விக்குத்தான் அது தடுமாறுகிறது. காரணம், படம் உருவான சூழல். ஃபார்க்குவார் ஒரு தாபிரை வீட்டிலேயே வளர்த்தார். அது நாய்போல் பழகியது, கிடைத்த காய்கறியெல்லாம் தின்றது, சாப்பாட்டு மேசை அருகே வந்து ரொட்டிக்கும் பலகாரத்துக்கும் காத்து நின்றது என்று அவர் எழுதியிருக்கிறார். எழுதியதெல்லாம் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மேசையருகே ரொட்டி கேட்கும் தாபிரிடமிருந்து காட்டுத் தாபிரின் எந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள முடியும்? ஓவியர் நின்ற விலங்கைத்தான் வரைந்தார். வெளிச்சம் இருக்கும்போதுதான் வரைந்தார். உருவம் முழுதும் தெரியும்படி, இலையும் கொடியும் மறைக்காத இடத்தில் நிறுத்தித்தான் வரைந்தார். ஓர் இனத்தை அடையாளம் காட்ட இம்மூன்றும் அவசியம். அதே மூன்றும் சேர்ந்து அந்த விலங்கின் வாழ்க்கையைப் படத்திலிருந்து கழற்றிவிடுகின்றன. அடைத்து வளர்க்கப்படும் மலேயத் தாபிர்களுக்குக் கண்ணின் கருவிழிப் படலம் வெண்மை படர்ந்து மங்கிப்போவது பரவலாகக் காணப்படும் நோய். அளவுக்கு மிஞ்சிய வெயில் வெளிச்சமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கால்நடை மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள். ஓவியருக்கு எது வசதியோ அது இந்த விலங்கின் கண்ணுக்கு ஆகாததாக இருக்கலாம்.

இப்படி ஆனது தாபிருக்கு மட்டும் அல்ல. ஆஸ்திரேலியாவின் வொம்பாட் என்ற விலங்கின் படங்களும் இதே கதைதான். 1800-ல் இங்கிலாந்தில் பெவிக் வெட்டிய மரச்செதுக்குப் படம் சாராயத்தில் போட்டு அனுப்பிய உடலிலிருந்து வந்தது. 1869-ல் கவிஞரும் ஓவியருமான ரோசெட்டி, செல்லமாக வளர்த்த தம் வொம்பாட் செத்ததற்குத் தாமே அழுவதுபோல் ஒரு வேடிக்கைச் சித்திரம் வரைந்தார். இரண்டிலும் இருப்பது கொழுத்த, அசமந்தமான ஒரு பிராணி. உண்மையான வொம்பாட் மண்ணுக்குள் பல மீட்டர் நீளத்துக்கு வளை தோண்டும். எதிரி துரத்தினால் மனிதனை விட வேகமாக ஓடும். வளைக்குள் பாய்ந்து, குருத்தெலும்பால் கெட்டியான தன் பிட்டத்தால் வாசலை அடைத்துக்கொள்ளும். மண் குடைவதால் குட்டியின் கண்ணில் மண் விழாதபடி, அது குட்டியைச் சுமக்கும் பை பின்பக்கமாகத் திறக்கிறது. பக்கவாட்டில் நிற்கவைத்து வரைந்த படத்தில் இந்தப் பை தெரியாது. தெரிந்தாலும், வளையைப் பார்க்காதவருக்கு அதன் பொருள் விளங்காது.

தாபிரின் இரவை இனி கிட்டத்தில் பார்ப்போம். பகலில் அது அடர்ந்த புதருக்குள் படுத்துக் கிடக்கும். அந்தி சாய்ந்ததும் எழுந்து, பழகிய தடங்களில் நடக்கத் தொடங்கும். கண்பார்வை மட்டம், மூக்கும் காதும் கூர்மை. மேலுதடும் மூக்கும் சேர்ந்து நீண்ட அந்தக் குட்டித் துதிக்கை சும்மா இருப்பதில்லை. காற்றை மோந்து, இலையைத் தடவி, கிளையை வளைத்து, தளிரை மட்டும் வாய்க்குள் தள்ளும். ஒரே செடியை மொட்டையடிக்காது. இங்கே இரண்டு வாய், அங்கே மூன்று வாய் என்று கோணல்மாணலாகப் போய்க்கொண்டே இருக்கும். எட்டாத தளிருக்கு இளமரத்தை நெஞ்சால் தள்ளிச் சாய்ப்பதும் உண்டு. வழியெல்லாம் செடிகள்மேல் மூத்திரத்தைப் பீய்ச்சித் தன் எல்லையைச் சொல்லும். இன்னொரு தாபிரிடம் பேச அது எழுப்பும் ஒலி, அந்த உருவத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத மெல்லிய சீழ்க்கை. ஆற்றைக் கண்டால் இறங்கிவிடும், நன்றாக நீந்தும், தண்ணீருக்கடியில் தரையில் நடந்தும் போகும். உப்பு ஊறும் மண்ணைத் தேடி நெடுந்தொலைவு வரும். ஈர மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தால் முன்காலுக்கு நான்கு விரல், பின்காலுக்கு மூன்று. தாபிர் குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும் உறவு என்பதற்கான அடையாளம் அந்தப் பின்காலில்தான் இருக்கிறது. தோட்டத்தில் பெரட்டுக்கு ஆள் கூடும் இருட்டு நேரமும், பால்வெட்டுக்காரர்கள் நெற்றி விளக்கோடு நிரைக்குள் நுழையும் நேரமும், தாபிர் மேய்ச்சல் முடித்துக் காட்டோரம் திரும்பும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். காட்டை ஒட்டிய தோட்டங்களில் விடிந்தபின் தெரிவது தடமும் சாணமும் முறிந்த கிளையுமே.

இப்போது நிறத்துக்கு வருவோம். மழைக்காட்டின் தரைக்குப் பகல் வெளிச்சத்திலேயே நூற்றில் ஓரிரு பங்குதான் வந்து சேர்கிறது. இரவில் நிலா இருந்தாலும் அது தரையில் விழுவது திட்டுத்திட்டாக; ஒரு திட்டு வெளிறி, அடுத்த திட்டு இருண்டு. வேட்டையாடும் விலங்கு அந்த நேரத்தில் இரையின் நிறத்தைத் தேடுவதில்லை. தலை இங்கே, முதுகு இங்கே, கால் இங்கே என்ற முழு வடிவத்தைத் தேடுகிறது. தாபிரின் உடம்பில் அந்த வடிவம் அறுபட்டுக் கிடக்கிறது. கறுத்த முன்பாதி நிழலோடு கரைகிறது. கறுத்த பின்னங்கால்கள் வேறொரு நிழலோடு போகின்றன. நடுவில் மிஞ்சும் வெள்ளைக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. படுத்துவிட்டாலோ அது நிலாப்பட்ட ஒரு பாறை. நிறப்பார்வை இதில் குறுக்கிடவும் இல்லை. புலி சில நிறங்களைப் பிரித்தறியாது. ஆனால் கறுப்பு வெள்ளை எல்லாக் கண்ணுக்கும் கறுப்பு வெள்ளைதான். ஏமாற்றம் நடப்பது நிறத்தில் அல்ல, வடிவத்தில். சீனத்துப் பாண்டாவின் கறுப்பு வெள்ளையையும் இப்படித்தான் வெகுகாலம் புதிராக நினைத்தார்கள். காட்டில் எடுத்த அதன் நிழற்படங்களை வேட்டை விலங்குகளின் பார்வைக்கு ஏற்பக் கணக்கிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2021-ல் வந்தது. கறுப்பு மரநிழலோடும் வெள்ளை பனியோடும் இலைப் பளபளப்போடும் ஒத்துப்போகிறது, தொலைவிலிருந்து பார்த்தால் உருவத்தின் விளிம்பே உடைந்துவிடுகிறது என்பது அதன் முடிவு. விலங்குக்காட்சிச் சாலையில் எடுப்பாகத் தெரியும் பாண்டா, மலையில் தெரிவதில்லை.

தானியங்கிக் கேமராப் படங்களில் தாபிர் இரவிலும் பளிச்சென்றுதானே தெரிகிறது என்று கேட்கலாம். தெரியும், ஏனென்றால் அந்தக் கேமரா தன் ஒளியைத் தானே கொண்டுபோகிறது. லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து பாயும் ஒளி முன்னால் நிற்பதன்மேல் நேராக அடிக்கும். பின்னால் உள்ள காடு இருண்டுபோகும். நிலாத் திட்டுகள் அழிந்து, வெறும் கறுப்புத் திரைமேல் ஒரு வெள்ளை உடம்பு நிற்கும். ஃபார்க்குவாரின் ஓவியர் வெள்ளைத் தாளில் செய்ததைக் கேமரா கறுப்புத் திரையில் செய்கிறது. எந்த நேரத்தில் எந்தத் தடத்தில் தாபிர் நடந்தது என்பதற்கு அது அருமையான ஆதாரம். புலியின் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்தது என்பதற்கு ஆதாரமே அல்ல.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று நம் தீபகற்பத்திலேயே இருக்கிறது. கிரா பூசந்திக்குத் தெற்கே உள்ள சிறுத்தைகள் ஏறக்குறைய எல்லாமே கறுப்பு. இந்தக் காட்டின் இருட்டுக்குக் கறுப்புதான் பொருத்தம் என்றால், தாபிரும் முழுக் கறுப்பாக இருந்திருக்க வேண்டாமா? அதுவும் நடக்காத காரியம் அல்ல. 1924-ல் சுமத்ராவின் பலெம்பாங் பகுதியிலிருந்து முழுக்கறுப்புத் தாபிர் பதிவாகியிருக்கிறது; 2000-ஆம் ஆண்டில் திரெங்கானுவின் ஜெராங்காவ் காட்டிலும் கேமராவில் சிக்கியது. கறுப்பு பிறக்கிறது, ஆனால் பரவவில்லை. பதுங்கிப் போகும் சிறுத்தைக்கும் நின்று மேயும் தாபிருக்கும் தேவை ஒன்றல்ல என்பதே எனக்குத் தோன்றும் விடை. சிறுத்தை சின்ன உடம்பு, தரையோடு தாழ்ந்து போகும். மூன்று ஆள் எடையுள்ள தாபிர் முழுக் கறுப்பாக நிலாவெளிச்சத் திட்டைக் கடந்தால், ஒரு பெரிய உருவத்தின் விளிம்பு ஒன்றுவிடாமல் தெரியும். பெரிய உடம்புக்கு நிறத்தை இருட்டாக்குவதைவிட விளிம்பை உடைப்பது லாபம். இது தர்க்கத்தில் நிற்கிறது. தாபிரை வைத்துச் செய்த சோதனையில் இன்னும் நிற்கவில்லை. சிறுத்தையின் கறுப்புக்குக்கூட, சின்னக் கூட்டத்தில் ஒரு மரபணு தற்செயலாக நிலைத்துவிட்டது என்ற விளக்கமும் உண்டு.

தென்னமெரிக்கத் தாபிர்களைக் காட்டியும் மறுக்கலாம். அங்கே ஜாகுவார் இருக்கிறது, அடர்காடு இருக்கிறது. ஆனால் அந்தத் தாபிர்கள் பழுப்பாகவோ கருமையாகவோ ஒரே நிறத்தில் இருக்கின்றன. உண்மைதான். ஆனால் குட்டிகளைப் பாருங்கள். அமெரிக்கத் தாபிரானாலும் மலேயத் தாபிரானாலும் குட்டி பிறக்கும்போது பழுப்பு உடம்பில் வெள்ளைக் கோடும் புள்ளியுமாகத்தான் பிறக்கிறது. எல்லாக் கிளைகளிலும் இருப்பதால் அந்தக் கோடு அவற்றின் பொது முன்னோரிடமிருந்து வந்த பழைய சொத்து. வெள்ளை முதுகு ஆசியக் கிளை பிறகு தானாகத் தேடிக்கொண்டது. பதின்மூன்று மாதம் சுமந்து பெற்ற ஒற்றைக் குட்டியைத் தாய் புதரில் கிடத்திவிட்டு மேயப் போகும். இலைகளூடே விழும் பகல்வெயில் புள்ளிகளுக்கு நடுவே அந்தக் கோடும் புள்ளியும் குட்டியைக் காக்கும். தாயோடு இரவில் நடமாடத் தொடங்கி ஐந்தாறு மாதம் ஆகும்போது கோடுகள் மறைந்து பெரியவற்றின் கறுப்பு வெள்ளை வந்துவிடுகிறது. வெளிச்சமும் பழக்கமும் மாறும்போது நிறமும் கூடவே மாறுகிறது. ஒளிந்துகொள்வதற்கும் இந்த நிறங்களுக்கும் தொடர்பே இல்லை என்பவர்கள், இந்தப் பொருத்தத்துக்கு வேறு காரணம் காட்ட வேண்டும். ஒரே சிக்கலுக்கு இரண்டு கண்டத்து விலங்குகள் இரண்டு தீர்வு கண்டிருப்பதில் முரண் எதுவும் இல்லை.

புலியின் உணவில் தாபிர் குறைவு என்று தீபகற்பத்து ஆய்வுகள் சொல்வதை மட்டும் நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. நன்றாக ஒளிவதால் அகப்படவில்லை என்றும் சொல்லலாம்; கழுத்துத் தோல் தடிப்பு, உடம்பு பெரிது, கடி பலமானது என்பதால் புலி காட்டுப்பன்றியையே தேடிப் போகிறது என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் இடமுள்ள சான்று எந்தப் பக்கத்துக்கும் சான்றல்ல. வெள்ளை என்பது தாபிர்கள் ஒன்றையொன்று இருட்டில் கண்டுகொள்வதற்கான அடையாளம் என்ற விளக்கம் எனக்குப் பலவீனமாகத் தெரிகிறது. கண் மங்கலாகவும் மூக்கும் காதும் கூர்மையாகவும் உள்ள விலங்கு, சீழ்க்கையாலும் மூத்திர வாடையாலும் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலை அது.

நிறத்தின் காரணத்தை முடிவுசெய்வதில் பொறுமை வேண்டும் என்பதற்கு முகலாய அரண்மனையிலிருந்து ஓர் உதாரணம். 1621-ல் ஜஹாங்கீரின் அவைக்கு ஒரு வரிக்குதிரை வந்தது. கோடுகளை யாரோ பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகித்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, உண்மை என்று தெரிந்ததும் அவர் தம் அவை ஓவியர் உஸ்தாத் மன்சூரை வரையச் சொன்னார். கோட்டுக்குக் கோடு நம்பத்தகுந்த அந்த ஓவியம் இன்றும் இருக்கிறது. கோடுகள் எதற்கு என்ற கேள்விக்கு வலுவான விடை கிடைக்க ஏறக்குறைய 400 ஆண்டு ஆயிற்று. கடிக்கும் ஈக்கள் கோடுபோட்ட தோலில் சரியாக இறங்க முடியாமல் தடுமாறுகின்றன என்று 2019-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆடாமல் அசையாமல் நிற்கும் வரிக்குதிரையின் படத்தில் ஈயை யார் தேடுவார்கள்? கறுப்பு வெள்ளையெல்லாம் ஒளிவதற்காகத்தான் என்று நான் சொல்லவில்லை. விலங்கின் நிறத்தை, அது எந்த வெளிச்சத்தில், எந்தப் பழக்கத்தில், யாருடைய கண்ணுக்கு எதிரே இருக்கிறதோ அங்கே வைத்துத்தான் கேட்க வேண்டும் என்கிறேன். தாபிரை அங்கே வைத்தால், ஒளிதல் என்ற விடையே இப்போதைக்கு முன்னால் நிற்கிறது.

புலியிடமிருந்து மறைக்கும் நிறம் லாரி ஓட்டுநரிடமிருந்தும் மறைக்கிறது என்பது இதில் வந்து சேரும் கசப்பான பின்விளைவு. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தாபிர் முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. உலக அளவில் அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருப்பது. தீபகற்ப மலேசியாவில் அதன் உயிரைப் பறிப்பதில் சாலை விபத்து முன்வரிசையில் இருக்கிறது, நெகிரி செம்பிலான் சாலைகளும் இதற்கு விலக்கு அல்ல. காட்டை வகுந்துகொண்டு ரோடு போன இடத்தில் தாபிர் தன் பழைய தடத்திலேயே கடக்கிறது. ஓரத்துப் புதரிலிருந்து முதலில் ரோட்டுக்குள் வருவது கறுத்த தலையும் கழுத்தும் முன்கால்களும். முன்விளக்கில் வெள்ளை பளிச்சிடும்போது பாதி உடம்பு ஏற்கெனவே ரோட்டில் இருக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. பிரேக்கில் கால் போவதற்குள்ளேயே அந்தத் தூரம் முடிந்துவிடும். 300 கிலோ உடம்பில் மோதினால் பாதிப்பு தாபிருக்கு மட்டுமல்ல, மோட்டார் சைக்கிளில் வருபவர்களுக்கும்தான். சிரம்பானிலிருந்து கோலப்பிலாவுக்கோ ஜெலுபு பக்கமோ இரவில் போகிறவர்கள், காட்டோரத்தில் தாபிர் படம் போட்ட எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் அந்த இடத்திலேயே வேகத்தைக் குறையுங்கள். வெள்ளை தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.